மூச்சு வாங்கிய மாட்டுத் திருடன்

துப்பறியும் நிபுணர் மோப்பம் அந்தப் பண்ணைக்கு வந்து இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். விழுந்துவிட்டார் என்று சொன்னால் மனிதருக்குக் கோபம் வரும். தொட்டியின் ஆழத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆழம் அவருடைய தொப்புள் வரைக்கும் இருந்தது.

"மாப்ள, உள்ள துப்பு ஏதாவது கெடச்சுதா, இல்ல குளிச்சுட்டே வர்றீங்களா?" என்று வெளியே நின்று கேட்டார் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் பெண்டாட்டி வேலை ஏவுகிறாள் என்று தப்பித்து வந்து, தங்கை புருஷனுக்கு உதவியாளராக ஒட்டிக்கொண்டார். உதவி என்று பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வாய் மட்டும் ஓயாது.

மோப்பம் என்பதும் பட்டப்பெயர்தான். போலீஸ் வேலையில் இருந்தபோது கூட இருந்தவர்கள் வைத்தது. அவருக்குப் பிறவி மூக்கடைப்பு. பக்கத்தில் பெட்ரோலைக் கொட்டினாலும் தெரியாது. வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கியபோது பெயர்ப்பலகையில் அதையே எழுதிவிட்டார். கிண்டலுக்கு வைத்த பெயர் என்று வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

தொழிலும் பெயர் மாதிரியேதான் நடந்தது. அவர் எடுத்த வழக்குகள் எல்லாமே தானாக முடிந்தவை. காணாமல் போன நகை அலமாரிக்குப் பின்னால் கிடைக்கும். ஓடிப்போன புருஷன் பசித்ததும் திரும்பி வருவான். மோப்பம் தன் மூளையைச் செலவழித்துத் தானே கண்டுபிடித்தது என்று விரல் மடக்க ஒரு வழக்கும் கிடையாது. இது அவருக்கும் மச்சானுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மச்சானுக்குத் தெரிந்ததால் இன்னும் சிலருக்கும் தெரியும்.

தொட்டிக்குள் போன கதை இதுதான். "மாட்டை எப்படி ஓட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு எனக்கு ஓட்டிக் காட்டுங்க" என்று பண்ணையின் மூத்த மகனிடம் கேட்டார். பெரியவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, ஹாரனை அமுக்கியபடி மாடுகளுக்குப் பின்னால் வந்தான். இளையவன் பூட்டிய கேட்டை ஒரே தாவலில் தாண்டிக் குதித்து, கையில் பிளாஸ்டிக் குழாயோடு "ஹோய், ஹோய்" என்று எதிர்ப்பக்கத்தில் கத்தினான். மாடுகள் மிரண்டு நாலா பக்கமும் பாய்ந்தன. அதில் ஒன்று மோப்பத்தைப் பார்த்து வந்தது. அவர் நடுவில் நின்று, டிராஃபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டினார். மாட்டுக்கு டிராஃபிக் விதி தெரியவில்லை.

பால் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, இருவரையும் பெற்றவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மெல்ல மெல்ல வந்தார். தன் ஊன்றுகோலைத் தொட்டிக்குள் நீட்டினார். கீழே நாலு குட்டி ரப்பர் கால் வைத்த ஊன்றுகோல்.

"இதப் புடிச்சுக்கிட்டு ஏந்திரிங்க தம்பி. மாட்டுக்கு நேரா மூஞ்சியக் காட்டிட்டு நின்னா அதுவும்தான் எங்க போகும்?"

மோப்பம் அந்த ரப்பர் கால்களைப் பிடித்துக்கொண்டு, மூக்கு அதில் இடிக்க இடிக்க எழுந்தார். அந்த இடத்திலேயே வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் அவர் மோப்பம் இல்லை.

"அவன் அந்தக் கொழாய ஆட்டாம இருந்தா மாடு திரும்பியிருக்காதுன்னு சொல்லும்மா" என்றான் பெரியவன்.

"ஹாரன அடிச்சது யாருன்னு கேளும்மா" என்றான் சின்னவன்.

இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. அம்மா ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பி, "கொழாய ஆட்டாதங்கறான்" என்றார். இந்தப் பக்கம் திரும்பி, "ஹாரன் அடிக்காதங்கறான்" என்றார். பழகிப்போன குரல். அப்பா செத்ததிலிருந்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேருமே கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

மோப்பம் சட்டையைப் பிழிந்தபடி விசாரணையைத் தொடங்கினார். பின்பட்டியில் தனியாக அடைத்திருந்த பதினோரு சினைப் பசுக்கள் முந்தாநாள் பகலில் காணாமல் போயிருந்தன. பெரியவன் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போன நேரம். சின்னவன் தீவனம் வாங்கப் போயிருந்தான். அம்மா மட்டும் வீட்டில், முட்டிவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாராம்.

"ஒரு சத்தமும் கேக்கலையாம்மா?" என்றார் மோப்பம்.

"ஒரு சத்தமும் இல்ல தம்பி" என்றார் அம்மா. அது நூற்றுக்கு நூறு உண்மை என்பது பிறகு தெரிய வந்தது.

பெரியவன் அவரைப் பின் கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். "இந்தச் சங்கிலியப் பாருங்க சார். கம்பியில ரெண்டு சுத்து சுத்தி, கொக்கிய உள்பக்கமா மாட்டியிருக்கு. இது எங்க வீட்டுப் பழக்கம். மாட்டத் திருடிட்டுப் போறவன் எவனாவது கேட்ட இவ்வளவு ஒழுங்கா மூடிட்டுப் போவானா? இது வீட்டு ஆள் வேலை. அவன்தான். கூட நாலஞ்சு பேர வெச்சு ஓட்டியிருக்கான். நாங்களே அஞ்சாறு மாட்ட நகத்தணும்னா ரெண்டு பேர், ஒரு வண்டி, தொண்டத் தண்ணி வத்தக் கத்தணும். ஒருத்தனால முடியுற காரியமில்ல."

"நீங்க போய்த் தேடிப் பாத்தீங்களா?"

"அதுக்குத்தான சார் உங்களக் கூப்டேன்" என்றான் பெரியவன், வேலைக்காரனிடம் சொல்கிற தோரணையில். "சாயங்காலத்துக்குள்ள வேற ஆளக் காட்டுனீங்கன்னா சரி. இல்லன்னா நான் நேரா ஸ்டேஷனுக்குப் போயி அவன் பேர எழுதிக் குடுத்துடுவேன். தம்பியாவது ஒண்ணாவது."

சின்னவன் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். "திருடன்னு சொன்னவனுக்காக நான் எதுக்குத் தேடணும்னு கேளும்மா."

அம்மா இந்த முறை எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. மோப்பம் அதைப் பார்த்தார். ஒரு மகனை இன்னொரு மகன் போலீஸில் பிடித்துக்கொடுக்கப் போகிறான், பெற்ற வயிறு பதறாதா என்று நினைத்துக்கொண்டார். பாவம், பாதி சரியாகத்தான் நினைத்தார்.

பின் கேட்டைத் தாண்டினால் கால்வாய்க்கரை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் முள்கம்பி வேலி, நடுவில் ஒரு மாடு தாராளமாகவும் இரண்டு மாடு நெருக்கியடித்தும் போகக்கூடிய மண்பாதை. குளம்புத் தடம் அதில் அச்சடித்த மாதிரி பதிந்திருந்தது.

மோப்பம் குனிந்து பார்த்தார். குனிந்தது பெரிய விஷயமில்லை, நிமிர்வதற்குத்தான் மச்சான் தேவைப்பட்டார்.

"வண்டித் தடம் இல்ல மச்சான். ஓடுன தடமும் இல்ல. முற்றத்துல இப்ப மாடு ஓடுச்சே, அங்க மண்ணெல்லாம் பேந்து கெடந்தது. இங்க பாருங்க, ஒண்ணு பின்னால ஒண்ணா அடி எடுத்து வெச்சுப் போயிருக்கு."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பாரு மாப்ள. சுகர் இருக்குமோ என்னமோ."

கொஞ்ச தூரம் நடந்ததுமே மோப்பத்துக்கு மூச்சு வாங்கியது. அவருக்கும் முட்டி சரியில்லை. உடம்பு முட்டியின் பேச்சைக் கேட்காமல் பல வருடமாக வளர்ந்துவிட்டது. ஒரு மதகின் சிமெண்ட் கட்டையைப் பார்த்ததும் போய் உட்கார்ந்தார்.

"பாத்து மாப்ள, கால வெக்காதீங்க. சுத்தி சாணி."

"எனக்கு வாடையே தெரியல."

"உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

எழுந்து நடந்தார்கள். அடுத்து ஒரு பாழடைந்த மோட்டார் அறை வந்தது. படிக்கட்டைப் பார்த்ததும் மோப்பத்தின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அங்கேயும் சாணி. அதற்கடுத்து வெட்டிப் போட்ட ஒரு மரத்தண்டு. அதில் உட்காரும்போது, "இங்கயும்" என்றார் மச்சான் சலிப்போடு. "என்ன ராசி மாப்ள உங்களுக்கு? நீங்க எங்க உக்காந்தாலும் அங்க மொதல்லயே மாடு வந்து மரியாத பண்ணிட்டுப் போயிருக்கு."

மோப்பம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், நடுவழியில சாணி எப்படிக் கெடந்துச்சு?"

"இதென்ன கேள்வி? சொட்டுச் சொட்டா, கோடு போட்ட மாதிரி. நடந்துக்கிட்டே போட்டா அப்படித்தான் விழும்."

"இங்க?"

"இங்க வட்டமா, தட்டு மாதிரி. நின்னு நிதானமா போட்டிருக்கு." மச்சான் சொல்லிக்கொண்டே நின்றார். முப்பது வருடம் விசில் ஊதிய மூளை மெல்ல விழித்தது. "மாப்ள, இது ஸ்டாப்பிங். மதகு ஒரு ஸ்டாப்பு, மோட்டார் ரூம் ஒரு ஸ்டாப்பு, இது ஒரு ஸ்டாப்பு. வண்டி நின்னு கெளம்பியிருக்கு."

"மாட்டத் திருடிட்டு ஓடுறவன் எதுக்கு நிக்கணும்? அதுவும் உக்கார எடம் இருக்குற எடமாப் பாத்து?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோப்பத்தின் நெஞ்சு அடித்துக்கொண்டது. நடந்த களைப்பு இல்லை இது. ஒரு யோசனை வருகிறது, அதுவும் தன் தலைக்குள்ளேயே வருகிறது என்ற பயம்.

"திருடனுக்கு மூச்சு வாங்கியிருக்கு மச்சான். உக்காந்து உக்காந்து போயிருக்கான். கூட நாலு பேர் இருந்தா ஒருத்தனுக்காக எல்லாரும் நிக்க மாட்டாங்க. அப்ப ஒரே ஆள்தான். அவனுக்கு என்ன மாதிரியே முட்டி, என்ன மாதிரியே மூச்சு. என்னால எங்கெங்க நடக்க முடியலையோ, அங்கங்க அவனாலயும் முடியல."

"அப்ப நீங்கதான் மாப்ள" என்றார் மச்சான், கொஞ்சமும் யோசிக்காமல். "முந்தாநாள் பகல்ல எங்க இருந்தீங்க?"

"வீட்டுல தூங்கிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"உங்க தங்கச்சி."

"அவ கோர்ட்டுல ஏறுனா மொத வேலையா உங்களத்தான் உள்ள தள்ளுவா."

மரத்தண்டின் பக்கத்தில் ஈரமண்ணில் நாலு சின்னப் புள்ளிகள் சதுரமாகப் பதிந்திருந்தன. திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். மோட்டார் அறையிலும் இருந்தது, மதகிலும் இருந்தது. திரும்பிப் போக வேண்டியிருந்ததில் மோப்பம் மறுபடியும் எல்லா இடத்திலும் உட்கார்ந்தார்.

"ஸ்டூலு" என்றார் மச்சான். "கையோட ஸ்டூல் கொண்டு வந்திருக்கான்."

"உக்காரக் கட்டை இருக்கிற எடத்துல ஸ்டூல் எதுக்கு? அதுவும் உள்ளங்கை அகலத்துல?"

"ஒல்லியான ஆளா இருக்கும்."

கரை முடிகிற இடத்தில் மூடிக் கிடந்த பழைய செங்கல் சூளை. ஆள் உயரச் சுற்றுச்சுவர், உள்ளே இடுப்பளவு புல். துருப்பிடித்த கேட்டின் சங்கிலியைப் பார்த்ததும் மோப்பம் நின்றுவிட்டார். கம்பியில் இரண்டு சுற்று. கொக்கி உள்பக்கமாக.

அதைக் கழற்றி உள்ளே போய், மறுபடி மாட்டினார்கள். பதினோரு பசுக்களும் உள்ளே இருந்தன. சில படுத்திருந்தன, சில அசைபோட்டபடி நின்றன. மிரட்சி இல்லை, காயம் இல்லை. மண் தோண்டிய பழைய பள்ளத்தில் தண்ணீர் இருந்தது, பள்ளத்தின் ஓரத்தில் அதே நாலு புள்ளிகள், புதிதாக. மோப்பம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். காலையில் தொட்டிக்குள் அது எதில் இடித்தது என்று இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"மச்சான், வீட்டு ஆள்தான் செஞ்சதுன்னு பெரியவன் சரியாத்தான் சொன்னான். ஆனா வீட்டுல எத்தன பேர்?"

"அண்ணன், தம்பி. ரெண்டு பேரு."

"எல்லாரும் ரெண்டுன்னுதான் எண்ணுனோம்."

மச்சான் விரல் விட்டு மறுபடியும் எண்ணினார்.  அந்த நேரம் பார்த்துக் கேட்டுச் சங்கிலி கழன்றது.

"ஒளிஞ்சுக்குங்க மாப்ள" என்று மச்சான் ஒரு செங்கல் அடுக்குக்குப் பின்னால் பாய்ந்தார். மோப்பமும் பின்னாலேயே ஒதுங்கினார். அடுக்கு மச்சானுக்குப் போதுமானதாக இருந்தது.

மண்ணில் மெத்து மெத்தென்று ஊன்றும் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"வயிறு தெரியுது தம்பி" என்றார் அம்மா.

வேறு வழியில்லாமல் இருவரும் வெளியே வந்தார்கள். அம்மா ஒரு செங்கல் குவியல் மேல் மெல்ல உட்கார்ந்து முட்டியை நீவிவிட்டுக்கொண்டார். "நீங்க மதகு வரைக்கும் திரும்பி வந்து போனதுலருந்து உங்க பின்னாலதான் வந்தேன். நீங்க உக்காந்தப்பல்லாம் நானும் பின்னால உக்காந்துக்கிட்டேன். நல்ல துணை நீங்க. என் வேகத்துக்கு வீட்டுல யாரும் நடக்கறதில்ல."

"எப்படிம்மா ஓட்டுனீங்க? பதினோரு மாட்ட, ஒத்த ஆளா?"

"நான் எங்க ஓட்டுனேன்? கேட்டத் தெறந்தேன். அதுங்க நடந்துச்சு, நான் பின்னால வந்தேன். மாடு பொறுமையா நடக்குற நடைதான் எனக்கும் வாச்சிருக்கு. முட்டி வலிச்சா உக்காருவேன், அதுங்களும் நின்னுக்கும். இவனுங்க ரெண்டு பேரும் வண்டியும் கூச்சலுமா ஓட்டி ஓட்டி, மாடுன்னாலே கத்துனாத்தான் நகரும்னு நெனச்சுட்டானுங்க."

மோப்பத்துக்குத் தலை சுற்றியது. இருபது வருடத் தொழிலில் முதல் முறையாகத் தானே யோசித்து, தானே நடந்து, தானே உட்கார்ந்து ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்திருக்கிறார். குற்றவாளி இதோ கண் எதிரே. சந்தோஷத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாத் துப்பறிவாளர்களும் கடைசியில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எதுக்காக இப்படிச் செஞ்சீங்க?"

அம்மா மாடுகளைப் பார்த்தபடி சொன்னார்.

"மாடு காணாமப் போனா ரெண்டு பேரும் சேந்து தேடுவானுங்கன்னு நெனச்சேன் தம்பி. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. 'நீ அந்தப் பக்கம் போடா, நான் இந்தப் பக்கம் போறேன்'னு ஒரு வார்த்தையாவது நேருக்கு நேர் பேசித்தானே ஆகணும்? ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோன் கம்பி மாதிரி நின்னு நின்னு எனக்கு அலுத்துப் போச்சு. நான் செத்தா யார் மூலமாப் பேசிக்குவானுங்க? அது ஒண்ணுதான் எனக்கு பயம்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஆனா பாருங்க, சின்னவன் வீம்புக்கு மூட்டை மேல உக்காந்துட்டான். பெரியவன் தேடறதுக்குக்கூட ஆள் வெச்சுட்டான்."

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அவமானம் என்றால் என்னவென்று மோப்பத்துக்கு நன்றாகத் தெரியும், தொழிலே அதில்தான் ஓடியது. ஆனால் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. இந்த அம்மாவின் திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை அவர்தான். அவர் வராமல் இருந்திருந்தால் அந்தப் பயல்கள் ஒருவேளை சேர்ந்தே தேடியிருப்பார்கள்.

"நான்தான்னு போய்ச் சொல்லிடறேன்" என்றார் அம்மா. "சின்னவன ஸ்டேஷனுக்கு அனுப்பவா பெத்தேன்? அம்மாவுக்கு புத்தி கலங்கிருச்சுன்னு சொல்லுவானுங்க. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப் போவானுங்க. போகட்டும். அந்தச் செவலைக்கு மடி எறங்கிடுச்சு. இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும், இனிமே இங்க விட்டு வெக்க முடியாது."

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் மோப்பம். "சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போயி, பின் கேட்டுக்கிட்ட உக்காருங்க. இந்தச் சூளைப் பக்கம் யார் கூப்டாலும் வர வேண்டாம்."

வருகிற வழியில் மச்சான் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். மதகு வந்ததும் அவரால் முடியவில்லை. "மாப்ள, ஆயுசுல மொத தடவையா நீங்களா ஒண்ணக் கண்டுபுடிச்சிருக்கீங்க. அதப் போயி வெளிய சொல்லாம இருக்கப் போறீங்களா?"

"ஆமா."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா உங்களுக்கு?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான் எனக்குக் கவலையே."

வெயில் சாயும்போது பெரியவன் வண்டிச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு தயாராக நின்றான். "யாரு சார்?"

"தெரியல" என்றார் மோப்பம்.

"என்ன சார் தெரியல?"

"திருடன் தப்பிச்சுட்டான். நான் தோத்துட்டேன். ஆனா மாடு கெடச்சிருக்கு, பழைய சூளையில பத்திரமா இருக்கு. ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்லுவேன், அது உங்க தம்பி இல்ல. தனி ஆள் ஒருத்தன், வழி நெடுக உக்காந்து உக்காந்து போயிருக்கான். என் மாதிரி முட்டி செத்த ஆசாமி. உங்க தம்பி காலைல இந்தக் கேட்டையே தாவிக் குதிச்சாரு, நான் பாத்தேன்."

"அப்ப சங்கிலி? எங்க வீட்டு மாதிரியே ரெண்டு சுத்து?"

"அதுதான் எனக்கு வெளங்கல. வெளங்கியிருந்தா ஏன் தோத்துட்டேன்னு சொல்றேன்?"

பெரியவன் எதையோ சொல்ல வாயெடுத்து, பின் கேட்டருகே உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கம் திரும்பினான். அம்மாவின் ஊன்றுகோலில் செம்மண் ஒட்டியிருந்தது. சூளை மண்ணின் நிறம். அவன் கண் அங்கே கொஞ்சம் நின்றது, பிறகு விலகியது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

"உங்களக் கூப்டதே தண்டம்" என்றான் மோப்பத்திடம்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் மோப்பம் பணிவோடு. "செவலைக்கு மடி எறங்கியிருக்கு. வண்டியில வெரட்டுனா கால்வாயில விழுந்துரும். பாதை ஒடுக்கம். முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர் நடந்தே கூட்டிட்டு வரணும். எங்களால ஆகாது. என்னத்தான் காலைல பாத்தீங்களே."

மடி இறங்கிய பசு என்றதும் தீவன மூட்டை மேலிருந்து சின்னவன் இறங்கிவிட்டான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் இரண்டு பேரும் நடந்தார்கள், ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு.

சூளை வாசலில் முதல் பசு கரையில் இறங்கியபோதே சிக்கல் வந்தது. பெரியவன் முன்னால், சின்னவன் மந்தைக்குப் பின்னால். செவலை நடுவழியில் தயங்கி நின்று, தண்ணீர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பியது. சின்னவன் அதன் வாலுக்கு நேர் பின்னால் வந்து நின்றான். மாடு அவனைப் பார்க்க முடியாமல் சுற்றப் பார்த்தது.

பெரியவன் பழக்கதோஷத்தில், "அவனக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்மா" என்றான். அம்மா அங்கே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். மச்சானோடு பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மோப்பம் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அவனத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

மோப்பம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை என்று கையால் ஜாடை காட்டினார். பெரியவன் மச்சானைப் பார்த்தான். ஆயுளில் ஒரு நிமிடம் வாயை மூடியிராத அந்த மனிதர், காது கேட்காதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவலையின் முன்னங்கால் கரையின் விளிம்பில் சறுக்கியது.

"டேய்" என்றான் பெரியவன். "வாலுக்குப் பின்னால நிக்காதடா. அதுக்கு உன்னத் தெரியல. பக்கவாட்டுல வா."

சின்னவன் அசையாமல் நின்றான். 

"தெரியும்."

"தெரிஞ்சா வந்து நில்லு, எருமை."

"நீ மொதல்ல வழிய விடு. மலை மாதிரி மறிச்சுட்டு நின்னா அது எங்க போகும்?"

"நான் வழிய விட்டா மத்ததெல்லாம் ஓடிரும்டா, சோம்பேறி."

"யாரு சோம்பேறி? கோமியத் தொட்டி கழுவி எத்தன மாசமாச்சு நீ?"

சின்னவன் வேலியோரமாக ஒதுங்கி, மாட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்றான். பெரியவன் முன்னால் இரண்டடி விலகினான். செவலை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. மற்றவை பின்னால் வந்தன. அண்ணன் முன்னாலிருந்து திட்டினான், தம்பி பின்னாலிருந்து திட்டினான், நடுவில் பதினோரு பசுக்கள் அலட்டிக்கொள்ளாமல் போயின. மோப்பமும் மச்சானும் கண்ணில் படாத தூரத்தில் பின்தொடர்ந்தார்கள். வழியில் எங்கேயும் உட்காராமல் மோப்பம் நடந்தது அன்று ஒருமுறைதான். ஒரு வார்த்தையையும் விட அவருக்கு மனசில்லை.

வீடு கண்ணில் பட்டதும் இரண்டு பேருக்கும் வெட்கம் வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். மாடுகளைப் பட்டியில் விட்டுவிட்டு ஒருவன் பால் அறைக்குள் போனான், மற்றவன் தீவனக் கொட்டகைக்குள் போனான். பின் கேட்டருகே உட்கார்ந்திருந்த அம்மா அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக மோப்பம் வந்து சேர்ந்தார், வியர்வை சொட்ட.

"பேசவே இல்லையா தம்பி?" என்றார் அம்மா. 

"பேசலம்மா" என்றார் மோப்பம். "சண்டை போட்டாங்க."

"நேருக்கு நேரா?"

"நேருக்கு நேரா. வழி பூரா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.  பிறகு பக்கத்தில் கிடந்த காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க தம்பி. பெரியவன் மொதல்ல என்ன சொன்னான்?"

"டேய்னு கூப்டாரு."

"டேய்னா சொன்னான்?" அம்மா அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்புறம்? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. திட்டுனதையும் விடாதீங்க."

மோப்பம் வாளி மேல் உட்கார்ந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. மச்சான் அண்ணன் மாதிரியும் மோப்பம் தம்பி மாதிரியும் பேசிக் காட்டி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.